நகையை வைக்கும் முன்னால் விதியைக் கேளுங்கள்

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் மாறுதலாக, அந்த விதைக்கும் உரத்துக்கும் பணம் வருகிற வழியைப் பற்றிப் பேசலாம். நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வாங்க வேண்டும் என்றாலும் சரி, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் அறந்தாங்கி, நாகுடிப் பக்கம் வந்து சேர்ந்ததும் நாற்றங்கால் போட வேண்டும் என்றாலும் சரி, கீரமங்கலம் பக்கம் பூச்செடிக்கு மோட்டார் பழுது பார்க்க வேண்டும் என்றாலும் சரி, முதலில் கை எங்கே போகிறது? வீட்டு அம்மாவின் கழுத்துச் சங்கிலிக்குத்தான் போகிறது. அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருகிறோம். தை அறுவடை முடிந்து திருப்பலாம் என்று கணக்கு.

இப்படி நகையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு புது நெல் ரகம் வந்தால் நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் வாங்குகிறீர்கள். வயது எத்தனை நாள், தண்ணீர் எவ்வளவு கேட்கும், குலை நோய் தாங்குமா என்று எல்லாம் கேட்கிறீர்கள். நகைக்கடன் விதி மாறியிருக்கிறதே, அதை யாரிடமாவது கேட்டீர்களா? "போன வருஷம் மாதிரிதானே இருக்கும்" என்று போகிறவர்தான் அதிகம். போன பிறகு, "அந்த வழக்கமெல்லாம் இப்ப இல்லீங்க" என்று சொன்னால் திகைத்து நிற்கிறோம். ஆகவே இன்றைக்குச் சொல்லப்போவது ஒரே விஷயம். கடன் விதியை அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்வதும் விவசாய வேலைதான். களை எடுப்பது போல அதையும் காலத்தில் செய்ய வேண்டும்.

என்ன நடந்தது?

2025 ஏப்ரல் 9-ம் தேதி ரிசர்வ் பாங்கு, தங்க நகைக்கடனுக்கு ஒரு புதிய விதி நகலை வெளியிட்டது. நகல் என்றால் முடிவான விதி அல்ல. "இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம், உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று ஊரைக் கேட்பது. அந்த நகலைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் பெரிய பேச்சு கிளம்பியது. பாட்டி காலத்து நகைக்கு ரசீது கேட்டால் எங்கே போவது என்று ஒரு பயம். நூறு ரூபாய் நகைக்கு, வட்டியையும் சேர்த்து எழுபத்தைந்து ரூபாய்க்கு மேல் கடன் கிடையாது என்றால் கைக்கு என்ன வரும் என்று இன்னொரு பயம். விவசாயச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மத்திய நிதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30-ம் தேதி மத்திய நிதித் துறையே, 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சின்னக் கடன்காரர்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று ரிசர்வ் பாங்குக்கு யோசனை சொன்னது.

அதற்குப் பிறகு, 2025 ஜூன் 6-ம் தேதி முடிவான விதி வந்தது. அதில் பல இடம் தளர்ந்திருந்தது. கடன் கொடுக்கிற நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, ஏப்ரலில் கேள்விப்பட்டதை ஜூனிலும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நகலில் இருந்ததையே இன்னும் சில பேர் டீக்கடையில் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, நேரத்தில் கேட்டுப் பேசினால் விதியும் மாறும்.

யாருக்கு யார் மேலதிகாரி?

எந்த விதியைக் கேட்டாலும் "இது யாருக்குப் பொருந்தும்?" என்று முதலில் கேளுங்கள். நகை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இல்லை.

அரசுடைமை பாங்குகள், தனியார் பாங்குகள், தமிழ்நாடு கிராம வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கிற நகைக்கடன் கம்பெனிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஜூன் 6 விதி பொருந்தும்.

நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறதே, அது ரிசர்வ் பாங்கின் நேர்ப் பார்வையில் இல்லை. அதற்கு மேலதிகாரி கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர். மாவட்டத்தில் இணைப்பதிவாளர். சங்கத்து நகைக்கடனுக்குப் பதிவாளரின் சுற்றறிக்கைதான் விதி. கடைத்தெரு அடகுக்கடைக்கு வேறு சட்டம். அது 1943-ல் வந்த அடகுக்கடைக்காரர் சட்டம். அங்கே உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது தெரிந்திருந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2021-ல் தமிழ்நாடு அரசு 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தள்ளுபடி செய்ததே, நினைவிருக்கிறதா? அது கூட்டுறவில் வைத்த நகைக்கு மட்டும். 2021 மார்ச் 31-ம் தேதி நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும். அதற்கும் மேல் சில நிபந்தனைகள். மற்ற பாங்கில் அதே 5 பவுனை வைத்தவருக்கு அது இல்லை. "எனக்கும் தள்ளுபடி ஆகிடும்" என்று வட்டி கட்டாமல் காத்திருந்தவருக்கு வட்டிதான் ஏறியது. கூரை எது, தேதி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விவசாயக் கடனா, வீட்டுச் செலவுக் கடனா?

அடுத்தது, கடன் எதற்காக என்று எழுதுகிறார்கள் என்பது. கல்யாணம், காதுகுத்து, மருத்துவம், பள்ளிக் கட்டணம் போன்றவை வீட்டுச் செலவுக் கடன். பயிருக்கு, மாட்டுக்கு, தொழிலுக்கு வாங்குவது வருமானம் தருகிற கடன். புது விதியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

வீட்டுச் செலவுக்கு வாங்குகிற நகைக்கடனுக்கு ரிசர்வ் பாங்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 100-க்கு 85 வரை தரலாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை என்றால் 100-க்கு 80. ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் 100-க்கு 75. இது உச்சவரம்புதான். இவ்வளவு கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விவசாயம் முதலான வருமானக் கடனுக்கு இந்த அளவை அந்தந்த பாங்கே தன் கொள்கையில் நிர்ணயித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே நகைக்கு ஒரு பாங்கில் ஒரு தொகையும் பக்கத்து பாங்கில் வேறு தொகையும் சொல்கிறார்கள். இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு வைப்பதில் தப்பில்லை.

இரண்டரை லட்சம் வரைக்கும் உள்ள சின்னக் கடனுக்கு உங்கள் வருமானத்தை விலாவாரியாக ஆராய வேண்டியதில்லை என்றும் தளர்த்தியிருக்கிறார்கள். பழைய நகைக்கு ரசீது இல்லாவிட்டால், இது எப்படி நமக்கு வந்தது என்று எழுதிக் கொடுக்கிற உறுதிமொழியை ஏற்கலாம். ஆனால் இன்னொருத்தர் நகையை நம்முடையது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பின்னால் வம்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான்.

கைக்கு எவ்வளவு வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலங்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், மகள் படிப்புக்காக 3 பவுன் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல், அரக்கு எல்லாம் கழித்து நிகரமாக 24 கிராம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கடை விலை அல்ல. மதிப்பு 2,40,000 ரூபாய். அதில் 100-க்கு 85 என்றால் 2,04,000 ரூபாய்.

மாதா மாதம் வட்டி கட்டுகிற கடன் என்றால் அந்த 2,04,000 வரை கிடைக்கலாம். வருஷக் கடைசியில் முதலையும் வட்டியையும் ஒன்றாகக் கட்டுகிறேன் என்றால், அந்த 2,04,000-க்குள் வட்டியும் அடங்க வேண்டும். வட்டி 100-க்கு 12 என்றால், கைக்கு வருவது சுமார் 1,82,000 ரூபாய்தான். "ஏன் சார், பக்கத்து வீட்டுக்காரிக்கு அதிகமாக் கொடுத்தீங்களே?" என்று சண்டை போடுவதற்கு முன்னால், அவர் எந்த வகைக் கடன் வாங்கினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்காக இப்படிக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனுக்கு 12 மாதம்தான் காலக்கெடு என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி. நகைக்கடைப் பலகையில் இன்றைக்கு எழுதியிருக்கிற விலையை பாங்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் முடிவு விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் கல்லுக்கும் மதிப்புக் கிடையாது. தங்கத்துக்கு மட்டும்தான்.

தராசுக்கு முன்னால் நில்லுங்கள்

நெல் எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். நகை எடை போடும்போது மட்டும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். நகையை உரசிப் பார்ப்பதும் எடை போடுவதும் கடன் வாங்குகிறவர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எதற்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டும்.

அது முடிந்ததும் ஒரு சான்று தர வேண்டும். அதில் நகையின் தரம் எத்தனை காரட், மொத்த எடை எவ்வளவு, கல்லுக்கும் அரக்குக்கும் கயிறுக்கும் கழித்தது எவ்வளவு, நிகர எடை எவ்வளவு, ஏற்கெனவே நெளிவோ உடைப்போ இருக்கிறதா, மதிப்பு எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இதில் ஒரு பிரதி உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மறந்துவிடாமல், பட்டா இருக்கிற பெட்டியில் வையுங்கள். திருப்பும்போது இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நகையை எடை பார்த்து வாங்க வேண்டும்.

பத்திரம் நமக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், முக்கியமான ஷரத்துகளை ஒரு சாட்சியின் முன்னால் வாசித்து விளக்க வேண்டும். அந்த சாட்சி அந்த பாங்கில் வேலை பார்க்கிறவராக இருக்கக் கூடாது. அதனால் போகும்போது படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கொடுக்கிற சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் ஒரே இடத்தில் எழுதிய முக்கிய விவரத் தாள் ஒன்றையும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளைப் பாருங்கள்.

மாற்றி வைப்பது எப்படி?

நம் பக்கத்தில் பெரிய தொல்லை இதில்தான். வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டிவிட்டுக் கடனைப் புதுப்பிப்பது பழைய வழக்கம். இடையில் பல இடத்தில், "முதலும் வட்டியும் முழுசாக் கட்டுங்க, நகையைத் திருப்பி நாளைக்கு வந்து வையுங்க" என்று சொன்னார்கள். ஒரு நாள் பணத்துக்கு எங்கே போவது? வட்டிக்காரரிடம் போய், ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வட்டி கொடுத்தவர்கள் உண்டு.

ஜூன் 6 விதி இதைத் தெளிவாக்கியிருக்கிறது. கடனைப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கு நாம் முறையாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குத் தவணை தவறி வாராக்கடன் ஆகியிருக்கக் கூடாது. நகை மதிப்பு வரம்புக்குள் இருக்க வேண்டும். மொத்தமாகக் கட்டுகிற கடன் என்றால், அதுவரை ஏறிய வட்டியைக் கட்டியிருக்க வேண்டும். இது பாங்கு செய்யலாம் என்கிற அனுமதிதான், செய்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் அல்ல. ஆகவே கெடு முடிகிற அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே போய், "சார், என் கடனைப் புதுப்பிக்க முடியுமா, எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வேறு ஏற்பாடு செய்ய ஒரு மாதம் கையில் இருக்கும்.

திருப்பும்போதும் ஏலத்தின்போதும்

முழுப் பணத்தையும் கட்டியாகிவிட்டது. நகை எப்போது வரும்? அன்றைக்கே தர வேண்டும். அதிகம் போனால் 7 வேலை நாள். அவர்கள் தவறால் அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு. இது விதியிலேயே இருக்கிறது.

கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? திடீரென்று ஏலம் விட்டுவிட முடியாது. முன்னறிவிப்பு கொடுத்து, கட்டுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். முதல் ஏலம், கடன் கொடுத்த கிளை இருக்கிற மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். புதுக்கோட்டையில் வைத்த நகையை முதல் தடவையே எங்கோ தூரத்தில் கொண்டுபோய் ஏலம் போட முடியாது. ஏலத்தில் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 100-க்கு 90. இரண்டு ஏலம் போகாவிட்டால்தான் 85-க்கு இறங்கலாம். கடன் போக மிச்சம் இருந்தால், ஏலப் பணம் முழுதும் வந்த 7 வேலை நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும். ஏலம் போன நகைக்கு மிச்சப் பணம் உண்டு என்பது தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நகை போனது போதும், பணத்தையும் விட வேண்டாம்.

முன்னறிவிப்பு உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்றால், பாங்கில் இருக்கிற விலாசமும் போன் நம்பரும் சரியாக இருக்க வேண்டும். பையன் திருப்பூருக்குப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான். நோட்டீசு அவன் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். நம்பர் மாறினால் அதே வாரம் போய் எழுதிக் கொடுங்கள்.

நகை வைக்காமலே கிடைக்குமா?

இதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். விவசாயக் கடன் 2 லட்சம் ரூபாய் வரைக்கும் ஈடு கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி 1 முதல் விதி. அதற்கு முன்னால் இது 1,60,000 ரூபாயாக இருந்தது. அதற்கும் முன்னால், 2019 வரைக்கும், 1 லட்சம். பாருங்கள், நமக்குச் சாதகமாகவும் விதி மாறிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் 1 லட்சம் காலத்துப் பேச்சையே இன்னும் பேசிக்கொண்டு நகையைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

2025 ஜூலை 11-ம் தேதி ரிசர்வ் பாங்கு ஒரு விளக்கமும் கொடுத்தது. இந்த 2 லட்சத்துக்குள் விவசாயி தானாக விரும்பி நகையை வைத்தால், அதை வாங்கிக்கொள்வது விதிமீறல் ஆகாது என்று. "தானாக விரும்பி" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். "நகை வைத்தால்தான் தருவோம்" என்பதும் "நான் நகை வைக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல.

ஆகையால் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போய், முதலில் கிசான் கார்டு கேளுங்கள். 2025-26-ம் ஆண்டுக்கு, கிசான் கார்டில் 3 லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 100-க்கு 7 வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 குறைந்து 4 ஆகிறது. நம் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனில் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டியே இல்லாமல் அரசு ஏற்றுக்கொள்கிறது. இந்த வழிகளைப் பார்த்துவிட்டு, போதாததற்கு மட்டும் நகையைத் தொடுங்கள்.

குழுக்கடன் வாங்குகிற தாய்மார்களுக்கு

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நம் மாவட்டத்தில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனதை யாரும் மறக்க மாட்டோம். கூரை இல்லாத வீட்டு வாசலில் குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து நின்றதாகத் தாய்மார்கள் பல ஊரில் முறையிட்டார்கள். இப்போது அதற்கும் விதி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த குறுங்கடன் விதிப்படி, வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கிற இந்தக் கடனுக்கு ஈடு வாங்கக் கூடாது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டியது நம் கடமை. கேட்கிறவர் மரியாதையாகக் கேட்க வேண்டியது அவர் கடமை.

குறை இருந்தால் எங்கே சொல்வது?

முதலில் அந்தக் கிளையிலேயே எழுத்து மூலமாகக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். காசு எதுவும் இல்லை. வக்கீல் வேண்டியதில்லை. 14448 என்ற கட்டணமில்லாத நம்பரில் வழி கேட்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் மேல் குறை என்றால் இணைப்பதிவாளருக்கு எழுத வேண்டும். கூரை மாறினால் கதவும் மாறும் என்று முன்னாலேயே சொன்னேன்.

தெரிந்துகொண்டே இருப்பது எப்படி?

நாளைக்கு இந்த விதியும் மாறலாம். அதனால் இன்றைக்குச் சொன்ன எண்களை மனப்பாடம் செய்வதைவிட, கேட்கிற வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு நாலு யோசனை.

ஒன்று, வருஷத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆடி விதைப்புக்கு முன்னால் ஒரு நாள், தை அறுவடைக்குப் பின்னால் ஒரு நாள். அன்றைக்குக் கணக்குப் புத்தகம், நகைச் சான்று, கிசான் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எது எப்போது கெடு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்குக்கு ஆதார், விலாசம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். அதைச் செய்யாமல் விட்டால் கணக்கு நின்றுபோகும். பயிர் இன்சூரன்சுப் பணம் வந்தும் எடுக்க முடியாமல் தவிக்க வேண்டிவரும். விலாசம் மாறவில்லை என்றால் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும்.

இரண்டு, யார் எந்த விதி சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். "இது யார் போட்ட உத்தரவு? எந்தத் தேதியிலிருந்து? என் கடனுக்குப் பொருந்துமா?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். செல்போனில் வருகிற தள்ளுபடிச் செய்திக்கும் இதே உரைகல்தான்.

மூன்று, மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. பாங்கு அதிகாரிகளும் கூட்டுறவு அதிகாரிகளும் வருவார்கள். தண்ணீர், உரம் பற்றிக் கேட்கிறோம். கடன் விதி பற்றியும் கேளுங்கள். நம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அதன் மாவட்ட மேலாளரிடம் ஊருக்கு வந்து விளக்கச் சொல்லிப் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம்.

நான்கு, விதி மாறியிருக்கிறது என்று யாராவது போனில் கூப்பிட்டு, நம்பர் சொல்லுங்கள், கார்டைப் படியுங்கள் என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். எந்த பாங்கும் போனில் ரகசிய எண் கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் கைமாறிவிடும்.

பெருமக்களே, நகை என்பது நம் வீட்டில் வெறும் தங்கம் அல்ல. கண்மாய் நிறையாத வருஷத்தில் குடும்பத்தைக் கரையேற்றுவது அதுதான். அதைக் கழற்றிக் கொடுக்கிற அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது, எவ்வளவுக்கு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆடிக்கு விதைக்கடலை எடுக்கிறபோது, அந்த நோட்டையும் எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.